பழைய பாய்லரை மாற்றும் முன்: பிரித்தானியாவில் வீடு வைத்திருப்போர் கேட்கும் கேள்விகள்

லண்டனில் ஹரோ, ஈஸ்ட்ஹாம், டூட்டிங் பகுதிகளில் நம்மவர்கள் வாங்கிக் குடியிருக்கும் வீடுகளில் பல, அறைக்கு ஒரு நிலக்கரிக் கணப்பு என்று எண்ணிக் கட்டப்பட்டவை. ரேடியேட்டரும் பாய்லரும் வெந்நீர்க் குழாயும் பின்னாளில் வெவ்வேறு கைகளால் துண்டு துண்டாகச் சேர்க்கப்பட்டவை. ஆகவே அந்தப் பாய்லரை மாற்றும் பேச்சு எழும்போது, சுவரில் தொங்கும் பெட்டியைப் பற்றி மட்டும் பேசினால் போதாது. அடிக்கடி வரும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே உள்ளன. விலையும் மானியமும் மாறக்கூடியவை என்பதால், பணம் கட்டும் முன் அன்றைய நிலவரத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பாய்லருக்கு இருபது வயது கடந்துவிட்டது. இன்னும் ஓடுகிறது. அது திறன் குறைந்ததா என்பதை எப்படி அறிவது?

முதலில் அது கண்டென்சிங் வகையா, அதாவது வெளியேறும் புகையிலுள்ள நீராவியின் வெப்பத்தையும் பிடித்துக்கொள்ளும் வகையா என்று பாருங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரல் முதல் புதிதாகப் பொருத்தப்படும் எரிவாயுப் பாய்லர், சில விலக்குகள் தவிர, கண்டென்சிங் வகையாகவே இருக்க வேண்டும் என்று விதி வந்தது. அந்த வகைப் பாய்லரின் அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய் வெளியேறி வடிகாலுக்குச் செல்லும். குளிர்காலக் காலையில் புகைபோக்கியின் வாயில் வெண்ணிற ஆவி தெரியும். வடிகுழாய் இல்லாமல், எப்போதும் எரியும் சிறு விளக்குச்சுடருடன் இருப்பது பழைய வகை. அதில் செலுத்தும் எரிவாயுவின் ஆற்றலில் ஏறக்குறைய 65 முதல் 75 விழுக்காடு மட்டுமே வீட்டுக்கு வந்து சேரும். மீதி சுவரைத் துளைத்துக்கொண்டு தெருவுக்குப் போகிறது. 2010இல் இங்கிலாந்தில் மிகத் தாழ்ந்த 'ஜி' தரப் பாய்லர்களைக் கழற்றியவர்களுக்கு அரசு 400 பவுண்டு உதவித்தொகை அளித்தது. அந்தத் தரம் என்பது 70 விழுக்காட்டுக்கும் கீழான திறன்.

ஆனால் வயதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ரேடியேட்டரின் மேற்பகுதி குளிர்ந்து கிடந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது என்று பொருள். சிறு சாவியால் காற்றை வெளியேற்றினால் போதும். அடிப்பகுதி குளிர்ந்து கிடந்தால் இரும்பு அரித்துச் சேர்ந்த கருஞ்சேறு தங்கியிருக்கிறது. அப்படிப்பட்ட குழாய்களில் எந்தப் புதுப் பாய்லரைப் பொருத்தினாலும் அதுவும் விரைவில் நோயாளியாகிவிடும்.

பாய்லரை மட்டும் மாற்றினால் எவ்வளவு மிச்சமாகும்?

விற்பனையாளர் சொல்லும் விழுக்காட்டை விட்டுவிட்டு உங்கள் கட்டணச் சீட்டிலிருந்தே கணக்குப் போடுங்கள். நடுத்தர வீடு ஒன்றின் ஆண்டுப் பயன்பாடாக எரிவாயு ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்ஜெம் 2023 அக்டோபரில் வைத்த எண் 11,500 யூனிட். ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. பழைய பாய்லரின் திறன் 70 விழுக்காடு என்றால் உங்கள் வீட்டுக்கு உண்மையில் கிடைத்த வெப்பம் 8,050 யூனிட். அதே வெப்பத்தை 90 விழுக்காட்டுத் திறனில் பெற 8,944 யூனிட் எரிவாயு போதும். மிச்சம் சுமார் 2,550 யூனிட். யூனிட்டுக்கு 6 பென்ஸ் என்று கொண்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 153 பவுண்டு. பொருத்தும் செலவு சில ஆயிரம் பவுண்டு என்பதோடு ஒப்பிட்டால், நன்றாக ஓடும் பாய்லரைச் சேமிப்புக்காக மட்டும் கழற்றுவது நெடுங்காலக் கணக்கு என்பது புரியும். பெரிய வீடு, நிறைய எரிவாயு, அடிக்கடி பழுது என்றால் கணக்கு வேறு.

நண்பர் புதுப் பாய்லர் வைத்தார். கட்டணம் அவ்வளவாகக் குறையவில்லை என்கிறார். ஏன்?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். எரிவாயு எரியும்போது நீராவி உண்டாகிறது. சோற்றுப் பானையின் மூடியில் ஆவி பட்டுத் துளியாகும்போது மூடி எவ்வளவு சூடாகிறது என்பது சமையலறையில் நின்ற எவருக்கும் தெரியும். ஆவி தண்ணீராக மாறும்போது தன்னுள் வைத்திருந்த வெப்பத்தைக் கொடுத்துவிடுகிறது. கண்டென்சிங் பாய்லர் அந்த வெப்பத்தைப் பிடித்துக்கொள்வதற்காகவே செய்யப்பட்டது. ஆனால் ஆவி துளியாக வேண்டுமானால், ரேடியேட்டர்களைச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும் தண்ணீர் ஏறத்தாழ 55 பாகை செல்சியஸுக்குக் கீழே இருந்தாக வேண்டும். பொருத்தியவர் அவசரத்தில் தண்ணீரை 75, 80 பாகைக்கு வைத்துவிட்டுப் போயிருந்தால், திரும்பும் நீர் 60க்கு மேல் வரும். ஆவி ஆவியாகவே வெளியேறும். பெயரளவில் கண்டென்சிங் பாய்லர், நடப்பில் பழைய பாய்லருக்குச் சற்று மேம்பட்டது, அவ்வளவுதான்.

இதற்கு மருந்து காசு கேட்பதில்லை. தொட்டி இல்லாமல் குழாயைத் திறந்ததும் வெந்நீர் தரும் காம்பி வகைப் பாய்லரில் ரேடியேட்டருக்குச் செல்லும் நீருக்குத் தனித் திருகு இருக்கும். குழாய் வெந்நீருக்கு வேறொன்று இருக்கும். முதலாவதை 55 அல்லது 60 பாகைக்குக் குறைத்து வைத்து ஒரு வாரம் பாருங்கள். வீடு சூடேறச் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும். ஆகையால் வேலை முடிந்து வந்து திடீரென்று போடுவதைவிட, முன்னதாகவே ஓடுமாறு நேரத்தை அமைக்க வேண்டும். கடுங்குளிர் வந்தால் மட்டும் சில பாகை ஏற்றலாம். வெளிக்குளிரை அளந்து இந்த ஏற்ற இறக்கத்தைத் தானாகச் செய்யும் கருவி பல பாய்லர்களுக்கு உண்டு. புதிதாகப் பொருத்தும்போது அதைக் கேட்டு வாங்குங்கள். வெந்நீர்த் தொட்டி உள்ள வீட்டில் இந்தச் சோதனையைச் செய்யும் முன், தொட்டிக்குப் போகும் நீரும் சேர்ந்து குறைந்துவிடாதா என்று பொருத்துநரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். காரணம் கீழே வருகிறது.

எங்கள் வீட்டுக்கு எத்தனை கிலோவாட் தேவை?

பெரும்பாலும் நீங்கள் நினைப்பதைவிட மிகக் குறைவு. வெளியே பூச்சியப் பாகையை ஒட்டியிருக்கும் ஒரு நாளில், வீட்டை நாள் முழுவதும் வழக்கமான சூட்டில் வைத்துக்கொண்டு, எரிவாயு மானியை இருபத்து நான்கு மணி நேர இடைவெளியில் இருமுறை குறித்துக்கொள்ளுங்கள். மானி கன மீட்டரில் காட்டினால் அதை 11.2ஆல் பெருக்கினால் யூனிட் கிடைக்கும். 120 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். பாய்லரின் திறன் 80 விழுக்காடு என்றால் வீட்டுக்குக் கிடைத்தது 96 யூனிட். 24ஆல் வகுத்தால் சராசரி 4 கிலோவாட். இதற்குள் குளியல் வெந்நீரும் அடக்கம். சுவரில் தொங்குவதோ 28 அல்லது 30 கிலோவாட் பாய்லர்! அந்தப் பெரிய எண், குழாயைத் திறந்த கணமே வெந்நீர் தரவேண்டும் என்பதற்காக வைக்கப்பட்டது. வீட்டைச் சூடாக்க அதில் சிறு பங்கே போதும். பாதி நாள் அணைத்து வைத்து நடுங்கிய வீட்டில் இந்தக் கணக்கு குறைத்துக் காட்டும் என்பதை மறந்துவிட வேண்டாம். பொருத்துநர் அறை அறையாகச் சுவர், சன்னல், தரை ஆகியவற்றை அளந்து போடும் வெப்ப இழப்புக் கணக்குக்கு இது மாற்றும் அல்ல. அவர் எண்ணைச் சரிபார்க்க ஒரு கைவிளக்கு.

ஹீட் பம்ப் என்கிறார்களே, அது கடுங்குளிரில் வேலை செய்யுமா?

செய்யும். நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டி உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்துப் பின்புறம் கொட்டுகிறது அல்லவா? ஹீட் பம்ப் அதே வேலையை வெளிக்காற்றுக்கும் வீட்டுக்கும் இடையே செய்கிறது. பூச்சியப் பாகையிலும் காற்றில் எடுப்பதற்கு வெப்பம் உண்டு. பிரித்தானியாவைவிடக் கடுமையாக உறையும் நார்வேயிலும் சுவீடனிலும் வீட்டுக்கு வீடு இவை ஓடுகின்றன. லண்டனில் இதற்குத் தொல்லை தருவது ஈரம். 0 முதல் 4 பாகை வரையிலான ஈரக் காலைகளில் வெளிப்பெட்டியின் தகடுகளில் பனி படியும். இயந்திரம் சில நிமிடம் தன்னைத்தானே சூடாக்கி அதை உருக்கும். அப்போது எழும் வெண்மூட்டத்தைப் புகை என்று எண்ணிப் பக்கத்து வீட்டார் பதறுவதுண்டு. உருகிய நீர் நடைபாதையில் ஓடி உறைந்து வழுக்காதபடி வடிகால் அமைக்கப்பட வேண்டும்; கொட்டேஷனில் இந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

அதனால் கட்டணம் குறையுமா?

எதை எடுத்துவிட்டு வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மேலே சொன்ன 8,050 யூனிட் வெப்பத்தையே எடுத்துக்கொள்வோம். ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஆண்டுச் சராசரியாக 3.2 யூனிட் வெப்பம் தந்தால், வேண்டிய மின்சாரம் 2,516 யூனிட். மின்சாரம் 26 பென்ஸ் என்றால் 654 பவுண்டு. பழைய பாய்லருக்கு 690 பவுண்டு ஆகியிருக்கும். புதிய, சரியாக அமைத்த பாய்லருக்கு 537 பவுண்டு. ஆக, நல்ல எரிவாயுப் பாய்லரோடு சமமாக நிற்க, இந்த விலைகளில் ஹீட் பம்ப் 3.9 என்ற அளவை எட்ட வேண்டும். தாழ்ந்த சூட்டு நீரில் நன்றாக வடிவமைத்த அமைப்புகள் அதைத் தொடுகின்றன. அவசரக் கோலத்தில் பொருத்தியவை 2.5ஐத் தாண்டத் திணறுகின்றன. இரவில் மலிவாகக் கிடைக்கும் மின்கட்டணத் திட்டங்களும் கூரைச் சூரியத் தகடுகளும் கணக்கைப் பெரிதும் மாற்றும். எண்ணெய்ப் பாய்லர், எல்பிஜி, நேரடி மின் ஹீட்டர் ஆகியவற்றிலிருந்து மாறுவோரின் நிலை இதைவிடத் தெளிவானது. குறிப்பாக மின் ஹீட்டரில் ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் வெப்பம் மட்டுமே கிடைக்கும். மும்மடங்கு தரும் இயந்திரத்தோடு அது போட்டியிட முடியாது.

ரேடியேட்டர்களை எல்லாம் மாற்ற வேண்டுமா?

எல்லாவற்றையும் அல்ல. ரேடியேட்டரின் அட்டவணைத் திறன், உள்ளிருக்கும் நீரின் சராசரிச் சூடு அறையைவிட 50 பாகை கூடுதல் என்ற நிலையில் அளக்கப்படுகிறது. நீர் 55இல் சென்று 45இல் திரும்பினால், 20 பாகை அறையில் அதே ரேடியேட்டர் ஏறத்தாழ பாதி வெப்பத்தையே தரும். 45இல் சென்று 40இல் திரும்பினால் மூன்றில் ஒரு பங்கைச் சற்று மிஞ்சும். முன்னாளில் தேவைக்கு மேல் பெரிதாக மாட்டிய அறைகளில் இருப்பதே போதும். மற்ற அறைகளில் ஒற்றைத் தகடு இருந்த இடத்தில் அதே அகலத்தில் இரட்டைத் தகடு வரும். 1970களிலும் 80களிலும் கட்டிய சில வீடுகளில் 8 அல்லது 10 மில்லிமீட்டர் மெல்லிய செப்புக் குழாய்கள் தரைக்கடியில் ஓடும். தாழ்ந்த சூட்டு நீர் மிகுதியாகப் பாய வேண்டியிருப்பதால் அவை இடைஞ்சல் தரலாம். இதைக் கவனிக்காமல் விலை சொல்பவரை நம்ப வேண்டாம்.

எங்கள் வீட்டில் ஏழு பேர். வெந்நீருக்குக் காம்பியா, தொட்டியா?

இந்த ஊர் விளம்பரங்களில் வரும் குடும்பத்தில் நால்வர். அம்மம்மாவும் பெரியப்பாவும் கோடை விடுமுறைக்கு வரும் ஒன்றுவிட்ட சகோதரர்களும் அதில் இல்லை. 24 கிலோவாட் காம்பி, குழாய்நீரை 35 பாகை உயர்த்தி நிமிடத்துக்குப் பத்து லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தரும். 30 கிலோவாட் என்றால் 12 லிட்டர். ஒரு ஷவருக்கு அது போதும். மாடியில் ஒருவர் குளிக்கும்போது கீழே ஒருவர் பாத்திரம் கழுவினால், மேலிருந்து குரல் வரும். இரண்டு குளியலறை உள்ள வீட்டுக்குச் சேமிப்புத் தொட்டிதான் பொருத்தம். இங்கே இதைச் சிலிண்டர் என்கிறார்கள். சமையல் எரிவாயு உருளை என்று எண்ணி அஞ்ச வேண்டாம், இது வெறும் வெந்நீர்க் கலம்.

200 லிட்டர் நீரை 10 பாகையிலிருந்து 50 பாகைக்கு ஏற்ற 9.3 யூனிட் வெப்பம் வேண்டும். ஏழு பேர் காலையில் ஒருவர் பின் ஒருவராக ஷவரில் நின்றால் அந்தத் தொட்டி கடைசி இருவருக்கு வராது. 250 அல்லது 300 லிட்டரைக் கேளுங்கள். வாளியில் மொண்டு குளிப்பவர் இருபது லிட்டரில் முடித்துவிடுவார் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கம் உள்ள வீட்டுக்குக் கணக்கே மாறும். ஹீட் பம்ப் வைத்தால் பெரும்பாலும் தொட்டி கட்டாயம். காம்பிக்கு மாறியபோது காலியான சிலிண்டர் அலமாரியில் பலர் சாமிப் படங்களை வைத்து விளக்கேற்றி வருகிறார்கள். பூசையறையை எங்கே மாற்றுவது என்ற பேச்சைப் பொருத்துநர் வரும் முன்பே வீட்டுக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

தொட்டி நீரை 45 பாகையில் வைத்தால் இன்னும் மிச்சமாகாதா?

குளிக்க அது போதும். ஆனால் 20 முதல் 45 பாகை வரை தேங்கும் நீரில் லீஜியோனெல்லா என்ற நுண்கிருமி பெருகக்கூடும், அது நுரையீரலைத் தாக்கும். ஆகவே பாய்லர் சூடாக்கும் தொட்டியை 60 பாகையில் வைப்பது வழக்கம். ஹீட் பம்ப் தொட்டிகள் அன்றாடம் சுமார் 50இல் ஓடி, குறித்த இடைவெளியில், பெரும்பாலும் வாரம் ஒருமுறை, 60க்கு மேல் ஏறுமாறு அமைக்கப்படும். அந்த அமைப்பை அணைத்துவிடாதீர்கள். குழந்தைகளும் முதியோரும் இருந்தால், குழாயில் வரும் நீரைத் தணிக்கும் கலப்பு வால்வு வேண்டும்.

லண்டன் நீர் கடினநீர் என்பதால் சூடேறும் இடமெல்லாம் சுண்ணாம்பு படியும். கெட்டிலின் அடியில் பார்ப்பதுதான் பாய்லருக்குள்ளும் நடக்கிறது.

7,500 பவுண்டு மானியம் யாருக்குக் கிடைக்கும்?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சொந்த வீடு அல்லது வாடகைக்கு விட்ட வீடு வைத்திருந்து, எரிவாயு, எண்ணெய் போன்ற பழைய அமைப்பை முழுவதும் எடுத்துவிட்டு ஹீட் பம்ப் வைப்போருக்கு. பாய்லர் அப்கிரேட் ஸ்கீம் என்ற இத்திட்டம் 2022இல் 5,000 பவுண்டுடன் தொடங்கி, 2023 அக்டோபரில் 7,500 ஆனது. வருமான வரம்பு இல்லை. விண்ணப்பத்தை நீங்கள் எழுத வேண்டியதில்லை, எம்.சி.எஸ். என்ற தரச் சான்று பெற்ற பொருத்துநர் விண்ணப்பித்து, தொகையை உங்கள் கட்டணத்தில் கழித்துக்கொள்வார். ஆகையால் முன்பணமாக மானியத் தொகையையும் சேர்த்துக் கட்டச் சொல்பவரிடம் விலகி நில்லுங்கள். பரணுக்கும் சுவருக்கும் வெப்பக் காப்பு முதலில் செய்தாக வேண்டும் என்ற நிபந்தனை 2024இல் எடுக்கப்பட்டது. எடுக்கப்பட்டாலும் பரணில் 270 மில்லிமீட்டர் கம்பளி விரிப்பதைவிட மலிவான சேமிப்பு வேறில்லை. ஸ்காட்லாந்தில் 7,500 மானியமும் வட்டியில்லாக் கடனும் தனி வழியில் தரப்படுகின்றன. ஹீட் பம்ப் பொருத்தும் வேலைக்கு மதிப்புக் கூட்டு வரி 2027 மார்ச் 31 வரை பூச்சியம். எரிவாயுப் பாய்லருக்கு அந்தச் சலுகை இல்லை.

இங்கிலாந்தில் வெளிப்பெட்டி அடுத்த வீட்டு எல்லையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்ற திட்ட விதி 2025 மே மாதம் நீக்கப்பட்டது. ஒலி வரம்பு நீங்கவில்லை.

நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். பாய்லர் பழுதாகிக் கிடக்கிறது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டைச் சூடாக்கும் அமைப்பையும் வெந்நீர் அமைப்பையும் பழுது நீக்கி வைப்பது வீட்டு உரிமையாளரின் சட்டக் கடமை. ஆண்டுக்கு ஒருமுறை எரிவாயுப் பாதுகாப்புச் சோதனை செய்து சான்றின் நகலை உங்களிடம் தரவும் அவர் கடமைப்பட்டவர். தொலைபேசியில் சொன்னதோடு நில்லாமல் எழுத்தில் தெரிவியுங்கள். அசையவில்லை என்றால் உள்ளூராட்சி மன்றத்தை அணுகலாம். உரிமையாளர் நம் ஊர்க்காரர், முகத்தை முறிக்கக் கூடாது என்று சனவரி முழுவதும் கெட்டிலில் வெந்நீர் வைத்துக் குளித்த குடும்பங்கள் உண்டு. அந்தத் தயக்கம் தேவையற்றது.

எப்போது மாற்றுவது நல்லது?

ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் இடையில். பாய்லர் சனவரியில் நின்ற வீட்டில் யாரும் கணக்குப் போடுவதில்லை. நாளைக்கு வரக்கூடியவர் வைத்திருப்பதை வாங்கிக்கொள்கிறார்கள், அடுத்த பதினைந்து ஆண்டுக்கு அதுவே நிலைக்கிறது. மூன்று பேரிடம் விலை கேட்டு, ஒவ்வொருவரும் எந்த நீர்ச்சூட்டுக்கு வடிவமைத்தார்கள், குழாய்களைக் கழுவுவார்களா, கருஞ்சேற்றைப் பிடிக்கும் காந்த வடிகட்டி வைப்பார்களா, வெப்ப இழப்புக் கணக்கின் நகலைத் தருவார்களா என்று கேளுங்கள். எரிவாயு வேலையை, தகுதி பெற்ற எரிவாயுப் பணியாளர்களின் பதிவேடான கேஸ் சேஃபின் அட்டை உள்ளவர் மட்டுமே செய்யலாம். அட்டையின் பின்புறத்தில் அவர் எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்று இருக்கும். கேட்டுப் பார்ப்பதை எவரும் தவறாக எண்ணமாட்டார். மாற்றும் வரை பழைய பாய்லர் ஓடுவதாயின் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றை உடனே வாங்குங்கள். சுடர் நீலமாக இல்லாமல் சோம்பி மஞ்சளாக எரிந்தாலோ, சுற்றிலும் கரி படிந்தாலோ, வீட்டிலிருக்கும்போது மட்டும் தலைவலி வந்தாலோ அணைத்துவிட்டு வெளியேறி 0800 111 999 என்ற எரிவாயு அவசர எண்ணை அழைக்க வேண்டும்.

ஹீட் பம்ப் வந்தபின் எரிவாயு இணைப்பையே துண்டித்துவிடலாமா?

துண்டித்தால் நாள்தோறும் ஏறும் நிலைக்கட்டணம் மிச்சமாகும். ஆண்டுக்கு நூறு பவுண்டைத் தாண்டும். மேலே போட்ட கணக்கில் இந்தத் தொகையைச் சேர்த்தால் ஹீட் பம்பின் பக்கம் தராசு சாயத் தொடங்கும். ஆனால் அதற்கு அடுப்பும் மாற வேண்டும், அங்கேதான் பெரும்பாலான வீடுகளில் பேச்சு நின்றுபோகிறது. இண்டக்‌ஷன் அடுப்பில் மண்சட்டியும் அலுமினியப் புட்டுப் பானையும் சூடேறாது. குழிந்த அடியுள்ள இரும்புத் தாச்சி சரியாக அமராது. தட்டையான இரும்புத் தோசைக்கல் நன்றாக வேலை செய்யும். குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் காந்தம் ஒன்றை எடுத்துக்கொண்டு சமையலறைப் பாத்திரங்களின் அடியில் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். ஒட்டாதவற்றின் எண்ணிக்கையை வீட்டில் சமைப்பவரிடம் காட்டி, அவர் சம்மதித்த பிறகே எரிவாயு நிறுவனத்துக்கு எழுதுங்கள்.